ஆடிக் காற்றைத் தின்ற கார்

எங்கள் ஊர் ஆடிக் காற்று முழுவதும் சென்னியப்பனுடைய காருக்குள் போய் அடைந்துகொண்ட வருடத்துக்கு முன்பே அவனை எங்களுக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காற்றுப் போன கோபத்தில் பேசுகிறேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. போர்க் கிணறு போடும் லாரிகளுக்கு ஏஜென்டாக இருந்து, தோட்டம் தோட்டமாகக் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து தண்ணீர் பார்த்து, வந்த இடத்தில் தன் சாமர்த்தியம் என்றும் வராத இடத்தில் தோட்டக்காரன் ராசி என்றும் பேசி வளர்ந்த வாய் அது. கல்யாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பில்லை என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொல்லும் வாய். என் களத்துக் கொப்பரை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "தெலகக்கா, இது எண்ணெய்க்கு ஆகாது, சோப்புக்கு வேணா ஆகும்" என்று வியாபாரி முன்னாலேயே சொன்ன வாய். நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

அவனிடம் ஒரு கார் இருந்தது. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார். முன்னால் மூட்டை வைக்கிற டிக்கி, பின்னால் எஞ்சின், முதுகு உருண்டை. பிள்ளைகள் வண்டு கார் என்பார்கள். அதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, காற்றிலேயே எஞ்சின் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். "தண்ணி போடாத வண்டி" என்று சென்னியப்பன் பெருமையடித்துக்கொள்வான், அந்த ஒழுக்கத்தைத் தானே சொல்லிக்கொடுத்து வளர்த்ததுபோல.

அவனுடைய ஒரே மகள் மைதிலி, தாயில்லாத பிள்ளை. அவளை வால்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்தான். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற அன்று, மாப்பிள்ளை வீட்டார் ஜீப் கொண்டுவந்திருந்தும், என் மகள் என் வண்டியில்தான் போவாள் என்று பிடிவாதம் பிடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டு காரில் ஏற்றி, ஆழியாறு தாண்டி மலையேறினான். நாங்களும் வேனில் பின்னால் போனோம். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எஞ்சின் சூடு தாங்காமல் குபுகுபுவென்று புகைந்து நின்றது. மாமியார்க்காரி பழனாத்தாள் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, நல்ல நேரம் போகிறது என்று பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மைதிலி திரும்பித் திரும்பி "அப்பா, அப்பா" என்றாள். அவன் எஞ்சின் மூடிக்குள் குனிந்த தலையை நிமிர்த்தாமல், "சித்தெ நேரம் இரு அம்மிணி, இப்பக் கெளம்பிரும்" என்றான். ஜீப் போய்விட்டது.

நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மலையிறங்கி வீடு வந்து சேர்வதற்குள் அவனுக்குப் பாதிமலை என்று பெயர் வைத்தாயிற்று. பாதிமலை வர்றான், பாதிமலை போறான், பாதிமலைக்கு ஒரு டீ.

அவனுக்கு அந்தப் பெயர் எலும்பு வரைக்கும் போய் உறைத்தது. மேலே வால்பாறையிலும் மகளை அதே பெயர் சொல்லித்தான் குத்திக்காட்டுவார்கள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அதே வண்டியில், ஒரு பொட்டுப் புகை விடாமல் மலையேறி, அந்த வீட்டு வாசலில் ஹாரன் அடித்துத்தான் என் மகளை ஆடிக்கு அழைப்பேன் என்று மாரியம்மன் கோவில் முன்னால் நின்று சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணைத் தலை ஆடிக்கு அப்பன் நேரில் போய்ச் சீர்த்தட்டோடு அழைக்க வேண்டும்; அழைத்த பிறகுதான் அவள் பிறந்த வீட்டுப் படி மிதிக்கலாம். எத்தனை வருடம் தள்ளிப்போனாலும் அந்த முதல் அழைப்பு ஆடி மாதத்துக்குள்தான் வந்தாக வேண்டும். சென்னியப்பன் செய்த சத்தியத்தால் தலை ஆடி போனது, அடுத்த ஆடி போனது, தீபாவளி, பொங்கல் எல்லாம் போயின. மைதிலி மலையைவிட்டு இறங்கவில்லை. அவன் பழைய பிஸ்டனைக் கழற்றிப் புது பிஸ்டன் போடுவதும், கார்புரேட்டரைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தான்.

மூன்றாவது ஆடி நெருங்கும்போது அவனுக்கு டர்போ ஞாபகம் வந்தது. போர் லாரிகளில் அவன் பார்த்ததுதான். புகைக்குழாய் வழியாக வீணாய்ப் போகிற சூட்டுக்காற்று ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும், இழுக்காத வண்டியும் இழுக்கும். ஓட்டம் முடிந்து உடைசலுக்குப் போன ஒரு போர் லாரியிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாக்கில் கட்டி, குணவதியின் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். குணவதிக்கு ஊரில் என்னைவிட வாய் நீளம். வருகிறவர்களை உட்காரச் சொல்லாமல் திட்டித்தான் வேலை எடுப்பாள்.

"என்ன கருமத்தைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"டர்போ. என்ற வண்டிக்கு."

"யானைக்குத் தெச்ச சட்டைய ஆட்டுக்குட்டிக்குப் போடச் சொல்றீங்க. காத்துல குளிர்ற எஞ்சினுங்க அது. இதை மாட்டுனா சூடு இன்னும் ஏறும், மண்டை பொளந்துக்கும்."

"உன்னால முடியாதுன்னு சொல்லு, கோயமுத்தூருக்குக் கொண்டு போறேன்."

"வண்டிக்கு வேணும்னா போட்டுத் தர்றேன். உங்க ரோசத்துக்கெல்லாம் டர்போ போட முடியாது."

ஆனால் போட்டாள். முடியாது என்று சொன்ன வேலையை முடித்துக் காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. புகைக்குழாயை வெட்டி வளைத்துப் பற்றவைத்தாள், டர்போவை எஞ்சினுக்கு அடியில் தொங்கவிட்டாள். அது எஞ்சினைவிடத் தாழ்வாக இருந்ததால் உள்ளே போன எண்ணெய் திரும்பி மேலே ஏற வழியில்லாமல் தேங்கிப் புகைந்தது. அதற்கென்று ஒரு குட்டி பம்ப் கடைந்து மாட்டினாள். சூடு தாங்க வேண்டுமென்று குளிர்காற்று போகிற தகரப் பாதையை அகலமாக்கினாள். எல்லாம் ஆனி மாதம் முடியும்வரை நடந்தது, அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட சத்தம் பட்டறையைத் தாண்டி பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

ஆடி முதல் தேதி காலையில் வண்டியைக் கிளப்பினான். எங்கள் ஊருக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. ஆனி பாதியில் ஆரம்பித்தால் ஆவணி வரை அதன் வழியே வருகிற காற்று ஓட்டைப் பிடுங்கும், தென்னையை வளைக்கும், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாங்கள் பழமொழியாகச் சொல்வதில்லை, பார்த்துச் சொல்வோம். அன்றும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். வண்டியின் அடியில் ஒரு விசில் சத்தம் கேட்டது, மெல்லியதாகக் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. முந்நூறு அடி பாறையைத் துளைக்கிற எஞ்சினுக்குக் காற்றை அடித்தே பழகிய டர்போ அது, அதற்கு அளவு தெரியாது. கணவாயிலிருந்து வந்த காற்று தென்னந்தோப்புகளைத் தாண்டி, என் களத்தைத் தாண்டி, கோவிலைத் தாண்டி, வரிசையாக அந்த வண்டிக்குள் போய் நுழைந்தது. கடைசிக் காற்று உள்ளே போனதும் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொங்கின. பிறகு ஊரில் காற்று இல்லை.

அன்று மாலைக்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஏன் போனது, எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை, யார் கொண்டு போனார் என்றுதான் கேட்டோம், அதற்கான பதில் எல்லாரும் பார்க்கவே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தெருவில் காரை ஓட்டிப் போனது. நாலு கண்ணாடியும் மூடிய காருக்குள் அவன் தலைமுடி பறந்துகொண்டிருந்தது, சட்டைக் காலர் படபடத்தது, முன்கண்ணாடியில் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம் நேராகப் பின்பக்கம் பார்த்து நின்றது. வெளியே நாங்கள் முந்தானையால் வீசிக்கொண்டு நின்றோம்.

கட்சி ஆபீஸ் கொடிகள் துவண்டு தொங்க, இரண்டு கட்சிக்காரர்களும் அடுத்த கட்சியின் சதி என்று பேசிப் பார்த்து, பிறகு அலுத்துப்போய் ஒரே கடையில் கம்பி வாங்கிக் கொடிக்குள் கொடுத்து விறைப்பாக நிற்க வைத்தார்கள். காற்றாலை இன்ஜினியர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுப்புப் புகை கலையாமல் ஒவ்வொரு வீட்டுக்கு மேலேயும் கம்பம் மாதிரி நின்றது, கோழிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின. பீடி குடித்தவன் எழுந்து போன பிறகும் அவன் விட்ட புகை அவன் உட்கார்ந்திருந்த உயரத்திலேயே உட்கார்ந்திருந்தது; யார் வீட்டுப் புருஷன் எந்த வாசலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று பெண்டாட்டிகள் மறுநாள் போய் அளந்து பார்க்க முடிந்தது. அதனால் ஆடியில் இரண்டு குடும்பம் பிரிந்தது, ஒரு ஆள் பீடியையே விட்டான். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் வாசனை அந்த வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை, ஒரு கிண்ணம் கொடுத்தனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. காய்ந்த இலை மரத்தடியிலேயே வட்டமாக விழுந்து கிடந்தது, கூட்டுவது சுலபம் என்று சில பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். கோவில் விளக்குச் சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது, எண்ணெய் கம்மியாகச் செலவாகிறது என்று பூசாரி வெளிப்படையாகவே சொன்னார். மனுஷனை விடுங்கள், பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும், எது போனாலும் அதில் தனக்கு என்ன மிச்சம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவான்.

எனக்கு எதுவும் மிச்சமில்லை. கொப்பரைக்கு வெயில் மட்டும் போதாது, காற்று வேண்டும். உடைத்துப் போட்ட தேங்காய் களத்தில் வியர்த்துக் கிடந்து, பருப்பின் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பிடித்தது. பெண்களைக் கூலிக்கு வைத்து முறத்தால் வீசச் சொன்னேன். கல்யாண மண்டபத்து ஃபேன்களை வாடகைக்கு எடுத்து வரிசையாக நிறுத்தினேன், மின்சாரம் போனது. ஊரில் எல்லாக் களமும் இதே கதிதான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லி வைத்தவன் காற்றை ஒருத்தன் காருக்குள் போட்டுப் பூட்டுவான் என்று நினைத்திருக்கமாட்டான்.

வண்டி போகிற இடத்தில் மட்டும் ஒரு இழுப்பு இருந்தது. அது கடந்து போகும்போது வேட்டிகள் அதன் பக்கம் பறந்தன, காகிதம் எழுந்து ஓடியது. இதைக் கண்டுபிடித்த பெண்கள் துவைத்த சேலைகளை இரண்டு முனையும் பிடித்துக்கொண்டு சாலையோரம் வரிசையாக நின்றார்கள், வண்டி போனால் பாதி ஈரமாவது போகும் என்று. இரண்டு நாள் சென்னியப்பன் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தான். அதற்குப் பிறகு வேண்டுமென்றே வாய்க்கால் பாதையில் சுற்றிப் போனான். என் களத்துப் பக்கம் மட்டும் தினமும் வந்தான், மெதுவாக, கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு, முடி பறக்க. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள், இவன் பட்டப்பகலில் காற்று வாங்கினான். நான் மண்ணை வாரித் தூற்றினேன். அந்த மண்ணும் அவன் வண்டிப் பக்கம்தான் போனது.

சரி, வண்டிதான் தயாராகிவிட்டதே, மலையேறி மகளை அழைத்துக்கொண்டு வரவேண்டியதுதானே? அதுதான் இல்லை. தினமும் ஆழியாறு அடிவாரம் வரை போவான், முதல் வளைவு ஏறுவான், காதைச் சாய்த்துக் கேட்பான், ஏதோ ஒரு சத்தம் அவனுக்குச் சரியாக இருக்காது, திரும்பி வந்து குணவதியின் பட்டறையில் நிறுத்துவான். ஒரு நாள் விசில் சத்தத்தில் பிசிறு. ஒரு நாள் குழாய் இணைப்பில் கசிவு. ஒரு நாள் எதுவுமே இல்லை, "இன்னும் கொஞ்சம் சுருதி சேரோணும்" என்றான். ஆடி பதினெட்டும் போனது.

கோவில் முன்னால் கூட்டம் போட்டோம். குணவதியையும் இழுத்து வந்து நிறுத்தி, காற்றை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டோம்.

"என்னையக் கேட்டா? மலையேறத்தான் அந்தக் காத்தை உள்ள இழுத்துது. மலையேறி வேலைய முடிச்சு, வண்டிய நிறுத்துனாத்தான் வெளிய வரும். ஊருக்குள்ளயே உறுமிட்டுத் திரிஞ்சா எங்கிருந்து வரும்?"

ஆக, ஊரே சேர்ந்து வெறுக்கிற ஒருத்தன் தன் மகளைப் போய்ப் பார்த்தால்தான் ஊருக்கு மூச்சு வரும் என்று ஆனது. கும்பலாக அவன் வீட்டுக்குப் போனோம். பஞ்சாயத்துத் தலைவர் முதல் ஆளாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, தயவு பண்ணி மலையேறுங்க."

"எதுக்கு? மறுக்கா பாதியில நின்னா பின்னாலயே வந்து சிரிக்கறதுக்கா?"

"கொப்பரை எல்லாம் அழுகுதப்பா," என்றேன் நான்.

"உங்குளுது எப்பவும் சோப்புக் கொப்பரைதானுங்க்கா."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன், பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் கெஞ்சியதே அவனுக்குப் புதுச் சந்தேகத்தைக் கொடுத்தது. கார்புரேட்டரை மறுபடியும் பிரித்தான்.

கடைசியில் அவனைக் கிளப்பியது குணவதிதான். ஆடி கடைசி நாள் காலையில் வண்டியின் எஞ்சின் மூடியை அடித்துச் சாத்தி, ஸ்பானர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுல திருகறதுக்கு இனி ஒரு மரையும் பாக்கி இல்லீங்க. இன்னையோட ஆடி முடியுது. போறதுன்னா போங்க. இல்லீன்னா உங்க வண்டிய என்ற பட்டறைய விட்டு எடுத்துருங்க."

சீர்த்தட்டை முன்டிக்கியில் வைத்துக்கொண்டு மத்தியானம் கிளம்பினான். அந்த ஏற்றத்தை எதிரே லாரியில் இறங்கி வந்தவர்கள் சொல்லிக் கேட்டோம். வளைவுக்கு வளைவு விசில் உயர்ந்துகொண்டே போயிற்றாம். பாறை மேல் நின்ற வரையாடுகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தனவாம். எஞ்சின் சூடாகவே இல்லையாம், அதற்குள் ஒரு மாதத்துக் கணவாய்க் காற்று இருந்ததே, எப்படிச் சூடாகும்? முன்பு நின்ற வளைவை அவன் கண்டுகொள்ளாமலே கடந்தானாம், புகை ஒரு பொட்டு இல்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காற்றே கொண்டுவந்தது. பொழுது சாயும் நேரம், நான் களத்தில் அழுகிய பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மலைப்பக்கத்துத் தென்னை மட்டைகள் அசைந்தன. புகைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முகத்தில் காற்றுப் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். ஆனால் அந்தக் காற்று வெறுமனே வரவில்லை, மலை மேல் மளிகைக்கடை வாசலில் பேசிய பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வீட்டு ஜன்னல் வழியாகவும் உள்ளே போட்டது.

முதலில் ஹாரன் கேட்டது. பிறகு எஞ்சின் சத்தத்துக்கு நடுவே சென்னியப்பனின் குரல்.

"பாத்தியா அம்மிணி! ஒரு பொட்டுப் பொகை வரல! நாப்பது வளைவும் ஒரே இழுப்பு!"

மைதிலி ஏதோ சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் பிடிபடவில்லை.

"கேளு, அந்த விசில் சத்தத்தக் கேளு! இனி ஒருத்தன் உன்னையப் பாதிமலைக்காரின்னு சொல்லட்டும் பாக்கலாம்!"

மறுபடியும் அவள் என்னவோ சொன்னாள். மறுபடியும் பிடிபடவில்லை.

"வண்டிய நிறுத்துங்க அப்பா," என்று அவள் கத்துவது கேட்டது. "நான் பேசறது உங்களுக்குக் கேக்கல."

சாவியைத் திருப்பும் சத்தம். அப்புறம் அவள் குரல் மட்டும், பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாக.

"பாதிமலைங்கறது உங்க ஊர்ல உங்குளுக்கு வெச்ச பேருங்க. இங்க அது யாருக்கும் தெரியாது. இங்க எனக்கு வேற பேருங்க. கூப்பிட ஆளில்லாதவ. வெளக்கு வெக்கறப்பச் சொல்லுவாங்க, சோறு போடறப்பச் சொல்லுவாங்க. கூப்பிட ஆளில்லாதவ, இவளுக்கு என்ன அவசரம், மெதுவாச் சாப்பிடட்டும்."

"அதுக்குத்தான அம்மிணி இந்த வண்டிய..."

"பொள்ளாச்சியில இருந்து இங்க மணிக்கு ஒரு பஸ் வருதுங்க அப்பா. எங்க கடை வாசல்லதான் நிக்கும். மூணு வருசமா ஒவ்வொரு பஸ்ஸுலயும் எறங்கறவங்களப் பாத்துட்டு இருந்தேன். நீங்க பஸ்ஸுல வந்திருக்கலாமுங்க. நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்."

அதற்குப் பிறகு காற்றில் தேயிலை வாசனை மட்டும் வந்தது.

ஊரே அதைக் கேட்டது. அந்தப் பெண்ணுக்காக எனக்கு வயிறு எரிந்தது, அவனை நினைத்தால் இன்னும் எரிந்தது. எங்கள் ஊரை 'உங்க ஊர்' என்று சொன்னாளே, அதுவும் உறைத்தது, அவளுக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம்? அன்று மாலை கொப்பரையை விரித்துப் போட்டுவிட்டு, நல்ல காற்றில், சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் எப்போது இறங்கி வந்தான், வண்டியை எங்கே விட்டான் என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்றான், கையில் சீர்த்தட்டு, தட்டில் சேலை, பூ, பழம், தேங்காய், மாப்பிள்ளைக்கு வேட்டி. காற்று தட்டு மேல் மூடியிருந்த துணியைப் பிடுங்கப் பார்த்தது, அவன் முகவாயால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதிமலை என்று யாரும் சொல்லவில்லை. நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். பொய் சொல்வானேன், என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் ஏறினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தட்டை மட்டும் வளைவுகளில் நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன், பழம் உருண்டுவிடக் கூடாதே என்று.

பஸ் கடை வாசலில் நின்றது. மைதிலி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எடை போட்டுக்கொண்டிருந்தாள். இறங்குகிறவர்களைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த அரிசி தராசுத் தட்டில் விழாமல் தரையில் விழுந்தது.

சென்னியப்பன் தட்டை நீட்டினான். அந்த வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

"அம்மிணி, ஆடிக்குக் கூப்பிட வந்திருக்கேன்."

அவள் தட்டை வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஆவணி ஒண்ணுங்க அப்பா."

பழனாத்தாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். அவளைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் அவனுடைய கசங்கின சட்டையையும் தட்டையும் பார்த்தாள்.

"ஒரு நாள்தான. நேத்துத்தான் வந்தாருல்ல, அதையே கணக்கா வெச்சுக்கலாம். போய்ட்டு வா, போ," என்றாள்.

"இல்லீங்க அத்தை," என்றாள் மைதிலி. "நேத்து அவரு வண்டியக் காட்ட வந்தாருங்க. என்னையக் கூப்பிட வந்தது இன்னைக்குத்தான். இன்னைக்கு ஆவணி. அவரு சொன்ன சத்தியத்துக்காக நான் மூணு வருசம் காத்திருந்தேன். என்ற மொறைக்காக அவரு ஒரு வருசம் காத்திருக்கட்டும்."

அவன் தட்டைக் கடைப் படியில் இறக்கி வைத்தான். எனக்குத்தான் அவளை அறைந்தால் என்ன என்று இருந்தது, கட்டிக்கொண்டால் என்ன என்றும் இருந்தது. மைதிலி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீரும் டம்ளரில் காப்பியும் கொண்டுவந்து வைத்து, அப்பனைக் கடைப் படியில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் காப்பியை ஊதி ஊதிக் குடித்தான். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான். ராத்திரி சோறு யார் ஆக்குகிறார்கள் என்று கேட்டாள். நானேதான் என்றான். கை காயத்துக்கு என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டு, புகைக்குழாய் சுட்ட அவனுடைய விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் என்னென்னவோ கேட்க இருந்தது அவளுக்கு, எனக்கே தெரிந்தது. சென்னியப்பன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த கடைசி வாயைக் குடிக்காமலே வைத்திருந்தான்.

நாங்கள் இறங்கிப் போக வேண்டிய பஸ், மணிக்கு ஒன்றுதான் வரும் என்றாளே, அன்றைக்கு என்ன கேடோ, சீக்கிரமே வந்துவிட்டது.